கேப்டன் சிஸ்டரின் இடது கால்

கேப்டன் சிஸ்டரை நினைத்தால் முகத்துக்கு முன்னால் எனக்கு அவருடைய ஷூதான் ஞாபகத்துக்கு வருகிறது. பழுப்புத் தோல், நாடா வைத்தது, ஆண்கள் போடுவது. எண்பத்து நான்காம் வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் வேலை பார்த்த பிரசவ ஆஸ்பத்திரிக்கு அவர் மேட்ரனாக வந்து சேர்ந்த அன்று, வெள்ளைப் புடவையின் கரைக்குக் கீழே அந்த இரண்டு ஷூக்களும் வராந்தாவில் வரிசையாக நின்ற எங்களைக் கடந்து போயின. ஒன்று மெதுவாகவும் மற்றது அழுத்தமாகவும் தரையில் விழுந்தன. எண்ணெய் போட்டு மினுக்கியிருந்தார். அவ்வளவு சுத்தமான ஷூவை அதற்கு முன் நான் போலீஸ்காரர் காலில்கூடப் பார்த்ததில்லை.

இருபது கட்டில் உள்ள சின்ன ஆஸ்பத்திரி அது. நடத்தியவரை எல்லோரும் டாக்டரம்மா என்போம். நர்சுகள் நாங்கள் ஏழு பேர். நான் ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது, வேலையில் மூன்று வருஷ அனுபவம், வாயில் அதைவிட அதிகம். புதிதாக வருகிறவர் ராணுவத்தில் நர்சாக இருந்தவர், கேப்டன் பதவி வரை போனவர், உடம்புக்கு முடியாமல் பாதியில் விட்டுவிட்டு வந்தவர், சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர்தான், கிறிஸ்தவக் குடும்பம், கல்யாணம் ஆகவில்லை என்பது வரை டாக்டரம்மா சொல்லியிருந்தார். உடம்புக்கு என்ன என்று சொல்லவில்லை. நடையில் ஒரு சாய்வு இருந்தது. ஏதோ மூட்டு வலி என்று நினைத்துக்கொண்டோம்.

பிரசவ அறைக்குள் செருப்போடு யாரும் போகக் கூடாது. டாக்டரம்மாவே வாசலில் கழற்றிவிட்டுத்தான் போவார். கேப்டன் சிஸ்டர் மட்டும் ஷூவைக் கழற்றவே மாட்டார். அதற்காக உள்ளே வந்துவிடவும் மாட்டார். நிலைப்படிக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்று, அந்தத் தட்டை எடு, இந்தக் கையை மாற்று என்று உத்தரவு போடுவார். சொல்வதெல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் மணிக்கணக்காக நின்று இடுப்பொடிகிறவர்களுக்கு, வாசலில் நின்று சொல்லும் சரியான யோசனை எரிச்சலைத்தான் கொடுக்கும். "உள்ள வந்து ஒரு கை புடிச்சா என்ன கொறஞ்சா போயிருவாக?" என்று நாங்கள் பின்னால் பேசிக்கொள்வோம். பூட்ஸம்மா என்ற பட்டப்பெயரை வைத்தது நான்தான். இரண்டே வாரத்தில் ஆயா முதல் வாட்ச்மேன் வரை அந்தப் பெயர் பரவிவிட்டது.

அடுத்த வருஷம் என் தங்கைக்கு ராஜபாளையத்தில் நிக்காஹ். ஆஸ்பத்திரியில் எல்லோரையும் அழைத்தேன். கேப்டன் சிஸ்டரும் வந்தார். தெருவில் போட்டிருந்த பந்தலில் செத்த நேரம் நின்றார், தங்கைக்கென்று கொண்டுவந்த புடவைப் பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். என் அம்மா ஓடி வந்து, "உள்ள வாங்க, ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போங்க" என்று கையைப் பிடித்தார். "இல்லம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுப் படியேறாமலே திரும்பிவிட்டார். அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. "நம்ம வீட்டுச் சோறு அவுகளுக்கு எறங்காதோ என்னவோ" என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் அப்படித்தான் பட்டது. அதற்குப் பிறகு வேலை விஷயம் தவிர அவரோடு நான் பேசுவதை விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமைதோறும் எங்கள் ஆஸ்பத்திரி வேன் வத்திராயிருப்புப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போகும். கர்ப்பிணிகளைப் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டு வருவோம். ஒரு வியாழக்கிழமை டாக்டரம்மாவுக்கு ஆபரேஷன் இருந்ததால் கேப்டன் சிஸ்டரும் நானும் மட்டும் போனோம். மகாராஜபுரத்தில் பள்ளிக்கூடத்து மரத்தடியில் உட்கார்ந்து எடை பார்த்துக்கொண்டிருக்கையில், ஒரு பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள். மூன்று தெரு தள்ளி ஒரு பிள்ளைக்கு வலி எடுத்துவிட்டது, தலைப்பிரசவம், வண்டியில் ஏற்ற முடியாது என்றாள்.

நாங்கள் போனபோது நடுப்பகல். ஒரே அறைதான் வீடு. சாணி மெழுகிய தரை. மூலையில் சாமி படமும் விளக்கும். அதற்கு நேர் எதிரே பாயில் அந்தப் பெண் கிடந்தாள். நான் செருப்பை உதறிவிட்டு உள்ளே ஓடினேன். பின்னால் வந்த கேப்டன் சிஸ்டரை அந்தப் பெண்ணின் மாமியார் வாசலில் நிறுத்தி, "தாயி, செருப்பக் கழத்திட்டு வாங்க. சாமி இருக்க வீடு" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். கேப்டன் சிஸ்டர் வழக்கம்போலப் படிக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழந்தையின் தலை வெளியே வந்தது. கழுத்தைச் சுற்றித் தொப்புள்கொடி இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. முகம் நீலமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் பக்கத்தில் டாக்டரம்மா நிற்கப் பார்த்திருக்கிறேனே தவிர, தனியாக அதை நான் கையில் எடுத்ததில்லை. "சிஸ்டர், கொடி சுத்திருக்கு" என்று கத்தினேன்.

திரும்பிப் பார்த்தேன். அவர் படியில் உட்கார்ந்திருந்தார். புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கி, இடது தொடையில் இருந்த தோல் பட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். ஒரு இழுப்பில் கால் கழன்று வந்தது. ஷூவோடும் காலுறையோடும் இருந்த அந்தக் காலைப் படியின் ஓரத்தில் நிமிர்த்தி வைத்தார். வலது ஷூவையும் நாடாவை அவிழ்த்துக் கழற்றி எறிந்தார். பிறகு கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழ்ந்து, மெழுகிய தரையைத் தாண்டி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள். "நகரு. கத்திரிக்கோல எடு. தலையப் புடிச்சுக்கோ, இழுக்காத" என்றார். குரலில் எந்த மாற்றமும் இல்லை.

கொடியை இரண்டு இடத்தில் கிளிப்பால் கவ்வி நடுவில் நறுக்கினார். குழந்தை வந்தது. அழவில்லை. வாயைத் துடைத்துவிட்டு அதன் மூக்கையும் வாயையும் சேர்த்துத் தன் வாயால் மூடி, சின்னச் சின்னதாக ஊதினார். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. வாசலில் கூட்டம் சேர்ந்திருந்தது. பாதிப் பேர் உள்ளே குழந்தையைப் பார்த்தார்கள், பாதிப் பேர் படியில் தனியாக நின்ற காலைப் பார்த்தார்கள். கடைசியில் குழந்தை பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டது. அப்புறம் நன்றாகவே வீறிட்டது. பெண் குழந்தை.

எல்லாம் கழுவித் துடைத்து முடித்த பொறவு அந்த மாமியார் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கேப்டன் சிஸ்டர் முன்னால் வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். "ஒரு வார்த்த சொல்லிருக்கப்படாதா தாயி? செருப்போடயே வந்திருக்கலாமே. சாமி கோவிச்சுக்கிடவா போகுது?" என்றார்.

"அந்நேரத்துல நின்னு பேசிக்கிட்டிருக்க முடியுமாம்மா?" என்றார் இவர். அவ்வளவுதான். காலை எடுத்துவரச் சொல்லி மாட்டிக்கொண்டார். மாட்டும்போதுதான் நான் பார்த்தேன். முழங்காலுக்கு ஒரு சாண் கீழே முடிந்துபோன அந்தக் காலின் முனையில் சுற்றியிருந்த துணி முழுக்க ரத்தமும் சீழும். அது அன்று வந்த புண் இல்லை. மாதக்கணக்கான புண். அதன்மேல் அந்த மரக்காலை மாட்டிக்கொண்டுதான் அவர் எங்கள் வராந்தாவில் நடந்துகொண்டிருந்திருக்கிறார்.

வேனில் திரும்பும்போது அவரே பேசினார். மலைப்பாதையில் நோயாளிகளை இறக்கிக்கொண்டு வந்த ராணுவ ஆம்புலன்ஸ் மழையில் சரிந்ததாம். மற்றவர்களை வெளியே எடுத்துவிட்டார்கள், இவருடைய கால் மட்டும் கதவுக்கு அடியில் மாட்டிக்கொண்டதாம். இரண்டு வாக்கியத்தில் அதை முடித்துவிட்டார். கால் செய்யப் போன கதையைத்தான் நீளமாகச் சொன்னார். வடக்கே ஓர் ஊரில் ராணுவத்துக்காரர்களுக்குக் கால் செய்கிற இடம். "அம்பது ஆம்பளைக்கு நடுவுல நான் ஒருத்தி. அளவெடுக்கத் துணிய ஒதுக்கணுமே, மறைப்புக்கூட ரெண்டு நாள் கேட்டுத்தான் வாங்குனேன். பொம்பளப் பாதம் ஸ்டோர்ல கெடையாதுன்னுட்டாங்க. இருக்கதுலயே சின்னது எட்டாம் நம்பர். எனக்கு அஞ்சு. அத மாட்டி, ஒரு ஜோடி ஷூவும் குடுத்தாங்க. ஷூ போட்டாத்தான் அந்தப் பாதத்துல நிக்க முடியும். கழட்டுனா மல்லாக்க விழணும். வெறுங்காலோட வீட்டுக்குள்ள போற ஊருக்கு நான் திரும்பிப் போறேன்னு சொன்னேன். அவுங்களுக்கு அது ஒரு விஷயமாவே படல."

வலது காலுக்கும் அதே எட்டாம் நம்பர் ஷூ. முன்பக்கம் பஞ்சை அடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் அல்லவா. என் வீட்டுப் படியில் அவர் ஏன் ஏறவில்லை என்பது வேன் ராஜபாளையம் ரோட்டில் ஏறியபோதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாளே அவருக்குக் காய்ச்சல். தவழ்ந்தபோது திறந்த புண்ணில் மண் ஏறியிருந்தது. டாக்டரம்மா பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சீழு எலும்புல எறங்கிட்டா முழங்கால் மூட்டுக்கு மேல எடுக்க வேண்டியிருக்கும். மூட்டு போச்சுன்னா அப்புறம் இவ நடக்கறது ரொம்பக் கஷ்டம். ரெண்டு வேளையும் கட்டு நீதான் போடணும்" என்றார். மூட்டு ஒன்று மிச்சம் இருப்பதற்கும் இல்லாமல் போவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பது எங்கள் தொழிலில் உள்ள எல்லோருக்கும் தெரியும். கேப்டன் சிஸ்டருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "தெனமும் என்ன நெறமா இருக்குன்னு எங்கிட்டப் பொய் சொல்லாமச் சொல்லு."

ஆஸ்பத்திரியின் கடைசி அறையில் இருபத்தைந்து நாள் இருந்தார். முதல் வாரம் நான் சொன்ன நிறங்கள் எதுவும் நல்ல நிறங்கள் இல்லை. அப்போது ஒரு நாள் கட்டுப் போட்டுக்கொண்டே, பூட்ஸம்மா என்ற பெயரை வைத்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன். தலையை நிமிர்த்தவில்லை. அவர் குனிந்து கட்டைப் பார்த்தார். பிறகு, "அது நல்லாத்தான் இருக்கு. மிலிட்டரில எனக்கு வச்ச பேரு இத விட மோசம்" என்றார். என்ன பெயர் என்று எத்தனையோ தடவை கேட்டும் கடைசி வரை சொல்லவில்லை.

வீட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டுப்பட்ட காலுக்குப் போட ராணுவத்தில் கொடுத்திருந்தது கம்பளி உறை. பனிமலைக்கு அது சரி, எங்கள் ஊர் வெயிலில் உள்ளே வேர்த்து ஊறிப் புண்ணாக்கியது பாதி அந்த உறைதான். அம்மா பனியன் துணி வாங்கி, தையல் மூட்டு தோலில் உரசாதபடி வெளிப்பக்கம் வருகிற மாதிரி ஆறு உறை தைத்துக் கொடுத்தார். கேப்டன் சிஸ்டர் ஒன்றைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத யாரும் இத்தன வருஷம் யோசிக்கலியே, நானும்தான் யோசிக்கல" என்றார்.

மூன்றாவது வாரம் புண் சிவப்பாக, சுத்தமாக மாறியது. எலும்புக்கு இறங்கவில்லை. ஆனால் பழைய காலை இனி மாட்டக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். புதிய கால் கேட்டுக் கேப்டன் சிஸ்டர் அந்த வடக்கத்தி இடத்துக்கு எழுதினார். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அச்சடித்த தாள். பெயரை மட்டும் பேனாவால் நிரப்பியிருந்தார்கள். பழைய காலுடன் நேரில் வரவும், துணைக்கு ஓர் ஆண் உறவினரை அழைத்துவரவும், முறை வரும்போது தெரிவிப்போம். அளவு பற்றிக் கேட்டதற்கு ஒரு வரியும் இல்லை. அதுவரை அவர் ஊன்றுகோலோடு, உட்கார்ந்து பார்க்கிற ரிக்கார்டு வேலையைப் பார்த்தார். பிரசவ அறையிலிருந்து சத்தம் கேட்கும்போதெல்லாம் பேனாவை நிறுத்துவார்.

அந்தச் சமயத்தில்தான் ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் முகாம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். காலிழந்தவர்களுக்கு இலவசமாக ரப்பர் பாதம் வைத்த கால் பொருத்துகிறார்கள். ஜெய்ப்பூர் கால் என்று ஊரில் சொல்வார்களே, அது. விரல்கள் எல்லாம் வைத்தது, வெறுங்காலோடு நடக்கலாம், சம்மணமிட்டு உட்காரலாம் என்று போட்டிருந்தது. நான் நோட்டீஸைக் கிழித்துக்கொண்டு வந்து மேஜையில் வைத்தேன். படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இது வசதி இல்லாதவங்களுக்கு. எனக்குக் கால் குடுக்க வேண்டியது ராணுவம். அவுங்க வேலைல போன காலு. அவுங்க குடுக்கட்டும், நான் வாங்கிக்கிடுதேன். தர்மத்துக்குப் போயி வரிசைல நிக்க மாட்டேன்."

"அவிய குடுக்கறதுக்குள்ள உங்களுக்கு வயசாயிரும் சிஸ்டர்."

"ஆகட்டும்."

அதற்கு மேல் பேச முடியாது. ஆனால் முகாம்காரர்கள் கட்டுப் போட நர்சுகள் வேண்டும் என்று டாக்டரம்மாவிடம் கேட்டிருந்தார்கள். டாக்டரம்மா என்னையும் கேப்டன் சிஸ்டரையும் எழுதிக் கொடுத்துவிட்டார். வேலை என்றால் மறுக்க மாட்டார் என்பது அவருக்குத் தெரியும். ஒரு நாளைக்கு மட்டும் என்று சொல்லி, டாக்டரம்மாவிடம் அனுமதி வாங்கி, புண் ஆறிய காலில் அம்மா தைத்த உறையைப் போட்டு, பழைய காலை மாட்டிக்கொண்டு வந்தார்.

மண்டபத்து நடுக்கூடத்தில் பெஞ்சு போட்டு அளவெடுத்தார்கள். மாவுக்கட்டுத் துணியை நனைத்துக் காலில் சுற்றி அச்சு எடுக்க வேண்டும். எடுத்தவர் வடநாட்டிலிருந்து வந்த நடுத்தர வயதுத் தொழிலாளி, தமிழ் ஒரு சொல் தெரியாது. ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள், வேலை விறுவிறுவென்று நடந்தது. பெண்கள் ஏழெட்டுப் பேர் ஓரமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பெயர் கூப்பிட்டால் எழுந்திருக்கவில்லை. இரண்டு பேர் திரும்பிப் போகக் கிளம்பிவிட்டார்கள். சோழபுரத்திலிருந்து வந்த ஒரு பெண், பஸ்ஸில் கால் போனவள், என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "இம்புட்டு ஆம்பளைக முன்னால சேலையத் தூக்கிக்கிட்டு உக்காரச் சொல்லுதாக. எனக்குக் காலே வேண்டாம்க்கா, நான் போறேன்."

கேப்டன் சிஸ்டர் அதைக் கேட்டார். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு மண்டபத்தைச் சுற்றி வந்தார். மணப்பெண் அறையைத் திறக்கச் சொன்னார். மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த திரைகளை அவிழ்த்து வாசலுக்குக் கட்ட வைத்தார். பிறகு அந்தத் தொழிலாளியிடம் போய் இந்தியில் பேசினார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அந்த மண்டபத்தில் அவர் பேசுவது புரிந்த ஒரே ஆள் இவர்தானே. மாவுக்கட்டுச் சுற்றுவதைக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு பெண்களுக்கு அச்சு எடுத்தது முழுக்க நாங்கள் இரண்டு பேர்தான். போகக் கிளம்பியவர்களைத் தெருமுனையிலிருந்து நான் கூப்பிட்டு வந்தேன். ஒரு நாளைக்கு என்று வந்தவர் மூன்று நாளும் இருந்தார். அளவெடுக்கும்போது ஒவ்வொருத்தியிடமும் கேட்பார்: வீட்டில் என்ன வேலை செய்வாய், தரையில் உட்கார்ந்து சமைப்பாயா, வயலுக்குப் போவாயா, எவ்வளவு தூரம் தண்ணீர் தூக்குவாய். அதையெல்லாம் அந்தத் தொழிலாளிக்கு இந்தியில் சொல்லுவார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கடைசி ஆளும் நடந்து பார்த்து முடித்தாயிற்று. அந்தத் தொழிலாளி மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே இவரிடம் ஏதோ கேட்டார். என்னவென்று நான் கேட்டேன்.

"மொத நாளே என் நடை சத்தத்த வச்சுக் கண்டுபிடிச்சுட்டாராம். உங்க அளவ எப்ப எடுக்கறதுன்னு கேக்காரு."

"எடுக்கச் சொல்லுங்க சிஸ்டர்."

"ஏட்டி, நான்தான் அன்னைக்கே சொன்னேனே." குரல் முன்னைப்போல உறுதியாக இல்லை.

சோழபுரத்துப் பெண் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். புதுக் காலில் அன்று காலையிலிருந்து மண்டபத்தைப் பத்துச் சுற்றுச் சுற்றியிருப்பாள். அவள் நேராக மணப்பெண் அறை வாசலுக்குப் போனாள். ஒரு பக்கம் முடிச்சவிழ்ந்து தொங்கிய திரையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு மறைப்புக் கட்டுனீயள்ல. ஒங்களுக்கு நான் புடிச்சுக்கிட்டு நிக்கேன். வாங்கக்கா, கை வலிக்கி" என்றாள்.

கேப்டன் சிஸ்டர் ஊன்றுகோலை என்னிடம் கொடுத்தார். பிறகு உள்ளே போய் உட்கார்ந்தார். அச்சு நான் எடுத்தேன். அந்தத் தொழிலாளி திரைக்கு வெளியிலிருந்து மூன்று ரப்பர் பாதங்களை நீட்டினார். சின்ன அளவுகள். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்று கொண்டுவந்தவை. வலது கால் ஷூவைக் கழற்றி, அடைத்திருந்த பஞ்சை எடுத்துப்போட்டு, ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். மூன்றாவது சரியாக இருந்தது. பதிவேட்டில் தொழில் என்ற இடத்தில் மற்றவர்களுக்கெல்லாம் கூலி என்றும் வீட்டு வேலை என்றும் நான்தான் எழுதியிருந்தேன். அவர் பேனாவை என் கையிலிருந்து வாங்கித் தானே எழுதினார்: ராணுவ அதிகாரி, ஓய்வு.

அலுமினியத் தகட்டைத் தட்டி வளைத்துக் கால் செய்து முடிக்க மறுநாள் மதியம் ஆகிவிட்டது. அவருக்காக ஒரு நாள் தங்கினார்கள். அங்கிருந்து என் வீட்டுக்குப் பக்கம்தான், நடந்தே வந்தோம். அம்மா வாசலில் நின்றார். கேப்டன் சிஸ்டர் புதிதாக வாங்கிய ரப்பர் செருப்பைப் படியில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, யாரும் சொல்வதற்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, "போன தடவ போடறேன்னு சொன்னீங்களே, அந்தச் சோறு இருக்காம்மா?" என்றார். அம்மா அடுப்படிக்குள் போனவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வருவதற்கு நேரம் பிடித்தது. அடுத்த வாரமே கேப்டன் சிஸ்டர் பிரசவ அறைக்குள் நின்றார். வாசலில் நின்று உத்தரவு போட்டதே தேவலை என்று ஆகிற அளவுக்கு எங்களை வேலை வாங்கினார்.

கால் கிடைத்தது என்று அவர் சமாதானமாகிவிட்டார் என்று நினைத்தால் தவறு. தனக்குச் சேர வேண்டியதை வேறு யாரோ கொடுத்தார்கள் என்பது அவருக்கு முள்ளாகவே இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம் அந்த வடக்கத்தி இடத்துக்கு எழுதுவார். ஒவ்வொன்றிலும் அதே மூன்று விஷயம்: பெண்களை அளவெடுக்கத் தனி அறை, பெண் அளவில் பாதம், வெறுங்காலோடு நடக்கக்கூடிய பாதம். துணைக்கு ஆண் உறவினர் என்ற வரியைச் சிவப்பு மையால் அடித்து அனுப்புவார். சில கடிதங்களுக்குப் பதில் வரும், பலவற்றுக்கு வராது. இடையில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று, இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். இரண்டையும் கையில் வாங்கியது அவர்தான்.

தொண்ணூற்று மூன்றில் ஒரு பதில் வந்தது. இந்தத் தடவை தட்டச்சு செய்தது. பெண் அதிகாரிகளை அளவெடுக்கத் தனி அறை ஏற்பாடாகியிருக்கிறது, சிறிய அளவுப் பாதங்கள் வரவழைக்கப்பட்டுள்ளன, விருப்பமான துணையோடு வரலாம். வெறுங்கால் பற்றிய யோசனை பரிசீலனையில் இருக்கிறது. "முக்காவாசி ஜெயிச்சாச்சு" என்றார். ஜெய்ப்பூர் கால் நன்றாகத்தான் இருந்தது, அதற்குள் இரண்டு தடவை மாற்றியும் ஆயிற்று. ஆனாலும் போக வேண்டும் என்றார். "எனக்குச் சேர வேண்டியத நான் கையெழுத்துப் போட்டு வாங்கணும். நீ வா." பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனேன். ரயிலில் இரண்டு பகல், இரண்டு ராத்திரி.

தனி அறை என்று அவர்கள் சொன்னது முன்பு சாமான் வைத்திருந்த ஓர் அறை. சுவரில் அலமாரி இருந்த அடையாளம் அப்படியே தெரிந்தது. இரண்டு கட்டில், நடுவில் பச்சைத் திரை. ஒரு கட்டிலில் ஏற்கனவே ஒரு பெண் இருந்தாள். இருபத்து நான்கு வயது இருக்கும். ராணுவ நர்ஸ், லெப்டினன்ட், நாகர்கோவில் பக்கத்துக்காரி. மூன்று மாதத்துக்கு முன்னால் சாலை விபத்தில் கால் போயிருக்கிறது. அவளுக்கென்று செய்த புதுக் கால் ஒரு வாரமாக மூலையில் சாய்ந்து நிற்கிறது, அவள் அதைத் தொடவும் இல்லை, கட்டிலை விட்டு இறங்கவும் இல்லை என்று அங்கிருந்த ஆர்டர்லி சொன்னார். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள்.

கேப்டன் சிஸ்டர் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னோடுதான் பேசிக்கொண்டிருந்தார், சாப்பாடு, ரயில், என் சின்னவனுக்குச் சளி என்று. எங்கள் தமிழைக் கேட்டு அவள் மெதுவாகத் திரும்பினாள். கேப்டன் சிஸ்டரின் காலைப் பார்த்தாள். புடவைக்குக் கீழே தெரிந்த இரண்டு வெறும் பாதங்களையும் பார்த்தாள். எது எது என்று அவளுக்குப் புரிய நேரம் ஆயிற்று.

"மேடம்," என்றாள். "இத வச்சுக்கிட்டுத் தரையில உக்கார முடியுமா?"

கேப்டன் சிஸ்டர் கேப்டன் சிஸ்டராகவே இருந்தார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கி, அந்தச் சிமெண்ட் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். புடவையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். என்னிடம் கொஞ்சம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். அவருக்கு அப்போது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. நல்ல கால் பக்கத்து மூட்டும் அந்த வருஷம் அவருக்கு மக்கர் செய்ய ஆரம்பித்திருந்தது.

பிறகு எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. நான் எழுந்தேன். கண்ணாலேயே என்னை உட்காரச் சொன்னார்.

"உக்காரதெல்லாம் நானே உக்காந்துருவேன். எந்திரிக்கத்தான் ஒரு ஆள் வேணும்" என்று அந்தப் பெண்ணைப் பார்த்துக் கையை நீட்டினார். "வாட்டி, கை குடு."

அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேப்டன் சிஸ்டர் கையை மடக்கவில்லை. நீட்டியபடியே வைத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் போர்வையை விலக்கினாள். ஒரு கையால் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, இருந்த ஒரு காலைத் தரையில் ஊன்றி இறங்கினாள்.